வெளியேறாத மீத்தேனுக்குக் கணக்கு எழுதுவது யார்?

பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பதிவு செய்யும் கெடு நெருங்கிவிட்டது. சில நாள்களாக வந்து குவியும் வாசகர் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. பிள்ளை கணினி படிக்க ஆசைப்படுகிறது, காலநிலை மாற்றத்துக்காக வேலை செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது, இரண்டும் ஒத்துப்போகுமா? கல்லூரி விளம்பரங்களில் ‘பசுமை வேலைவாய்ப்பு’, ‘கிளைமேட் டெக்’ என்ற சொற்கள் இந்த ஆண்டு ஏராளமாகத் தென்படுவதால் பெற்றோரின் குழப்பம் கூடியிருக்கிறது. சிலர் கார்பன் கிரெடிட்டையும் மத்திய அரசின் கிரீன் கிரெடிட்டையும் ஒன்றென எண்ணி எழுதியிருக்கிறார்கள்.

அவற்றில் ஒரு கடிதத்தை மட்டும் என்னால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. எழுதியவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடைக் கிராமத்து மாணவி. செயற்கை நுண்ணறிவு மற்றும் தரவு அறிவியல் மூன்றாம் ஆண்டு. நெல் வயலிலிருந்து கார்பன் கிரெடிட் எடுக்கும் ஒரு நிறுவனம் அவரைப் பயிற்சிப் பணிக்கு அழைத்திருக்கிறது. அதே நிறுவனத்தின் ஆள், சம்பா நடவுக்கு முன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி அவருடைய அப்பாவிடமும் வந்து நிற்கிறார். “இரண்டுக்கும் சரி என்று சொல்லலாமா?” என்று கேட்கிறார் மாணவி. மற்றவர்களுக்கான பதில்களைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும்.

அந்த வேலையில் கணினிக்கு என்ன பங்கு?

தண்ணீர் கட்டிய வயலில் மீத்தேன் உண்டாகிறது என்பதும், விட்டுவிட்டுக் காயப்போட்டால் அது குறையும் என்பதும் இன்று பலருக்கும் தெரியும். நம் விவசாயிகள் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று சொல்வது இதைத்தான். துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை வயலில் புதைத்துவைத்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சுவது முறை. குறையும் மீத்தேனை கார்பன் டையாக்சைடு டன்னாக மாற்றி, ஒரு டன்னுக்கு ஒரு கிரெடிட் என்று விற்கிறார்கள். வாங்குவது பெரும்பாலும் தொலைதூரத்து நிறுவனம் ஏதாவதாக இருக்கும். அது தன் புகையில் அந்த அளவைக் கழித்துக் காட்டிக்கொள்ளும்.

ஆயிரக்கணக்கான சிறு வயல்களில் யார் காயப்போட்டார், யார் போடவில்லை என்று ஆள் வைத்துப் பார்க்க முடியாது. இந்த இடத்தில்தான் கணினி படித்தவர் தேவைப்படுகிறார். ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் ரேடார் அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது. அமைதியான நீர்ப்பரப்பு அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். ஈர மண் வெளிச்சமாகத் தெரியும். மேகம் ரேடாருக்குத் தடையில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டெல்டாவின் மேல் சாதாரணக் கேமரா வைத்த செயற்கைக்கோளால் பெரிய பயன் இல்லை என்பதால், சம்பாவைப் பார்க்க ரேடாரை விட்டால் வழியில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் நெல் பரப்பைக் கணக்கிட ரேடார் படங்களைப் பல ஆண்டுகளாகவே பயன்படுத்தி வருகிறது.

இதற்கும் எல்லை உண்டு. சென்டினல்-1 ஒன்று மட்டும் இயங்கினால் ஓர் இடத்தை 12 நாளுக்கு ஒருமுறையும், இரண்டு இயங்கினால் 6 நாளுக்கு ஒருமுறையும்தான் கடக்கும். மூன்று நாள் காய்ந்து நான்காம் நாள் தண்ணீர் விட்ட வயலை அது பார்க்காமலே போகக்கூடும். பயிர் தழைத்துவிட்டால், சுமார் 5.6 சென்டிமீட்டர் நீளமுள்ள அதன் அலை இலைகளிலேயே சிக்கிவிடும். அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று சொல்வது கடினம். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நாசா-இஸ்ரோ கூட்டுச் செயற்கைக்கோளான நிசார், சுமார் 24 சென்டிமீட்டர் அலையையும் பயன்படுத்துகிறது. அது இலைகளைத் தாண்டி உள்ளே போகும். அடுத்த சில ஆண்டுகளில் இத்துறைக்கு வரும் மாணவர்களுக்குக் கிடைக்கப்போகும் பெரிய வாய்ப்பு இது என்று நம்புகிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் நடந்ததை அளப்பது. அளவீடு நாளுக்கு நாள் கூர்மையாகிறது என்று நிறுவனங்கள் சொல்வதில் பொய்யில்லை. என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது.

பேஸ்லைன் என்பது என்ன, அதை யார் வரைகிறார்?

கிரெடிட் என்பது இரண்டு எண்களுக்கு இடையிலான வித்தியாசம். ஒன்று, திட்டத்தில் சேர்ந்த வயல் வெளியிட்ட மீத்தேன். மற்றது, திட்டமே வராமல் இருந்திருந்தால் அதே வயல் வெளியிட்டிருக்கக்கூடிய மீத்தேன். இந்த இரண்டாவது எண்ணுக்குத்தான் பேஸ்லைன் என்று பெயர். முதல் எண்ணை, செயற்கைக்கோள் காட்டும் காய்ச்சலை வைத்து மதிப்பிடலாம், கருவியாலும் அளக்கலாம். இரண்டாவதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது, ஏனென்றால் அது நடக்கவே இல்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து, நியாயமான ஊகத்தின் பேரில், அதை எழுத வேண்டியிருக்கிறது.

அந்த ஊகத்துக்கு எவ்வளவு விலை என்று பார்ப்போம். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2019இல் திருத்தி வெளியிட்ட கணக்கு முறையில் நெல் வயலுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. பருவம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் வயலின் மீத்தேனை 1 என்று வைத்தால், ஒருமுறை காய்ந்த வயலுக்கு 0.71, பலமுறை காய்ந்த வயலுக்கு 0.55. வானம் பார்த்த பூமியில் வறட்சிக்கு ஆளாகும் வயலுக்கு வெறும் 0.16.

இப்போது நம் மாணவியின் அப்பா திட்டத்தில் சேர்ந்து, வயலைப் பலமுறை காயப்போடுகிறார் என்று கொள்வோம். முன்பு அவர் வயலில் எப்போதும் தண்ணீர் நின்றது என்று பேஸ்லைன் எழுதினால், மீத்தேன் 100இலிருந்து 55ஆகக் குறைந்ததாகக் கணக்கு வரும். கிரெடிட் 45 பங்கு. உண்மையில் முன்பே பருவத்தில் ஒருமுறை காய்ந்துகொண்டிருந்தது என்றால் 71இலிருந்து 55. கிரெடிட் 16 பங்குதான். முன்பே பலமுறை காய்ந்துகொண்டிருந்த வயல் என்றால் 55இலிருந்து 55. ஒரு கிரெடிட்டும் கிடையாது. வயல் அதேதான், விவசாயி அவரேதான், இந்த ஆண்டு வெளியேறிய மீத்தேனும் அதேதான். பேஸ்லைன் கட்டத்தில் எந்தச் சொல்லை நிரப்புகிறோம் என்பதைப் பொறுத்து விற்பனைச் சரக்கு ஒன்றுமில்லாததிலிருந்து 45 வரை போகிறது. ஆடித் தள்ளுபடிக்கு முன் விலைச்சீட்டை மாற்றி ஒட்டும் கடையில் நடப்பதும் இதேதான்: தள்ளுபடி எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பழைய விலை என்று எழுதப்பட்ட எண்.

கடைமடைக்கு இது சாதாரணப் பிரச்சினை அல்ல. மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. மூடும் நாள் ஜனவரி 28. 2023இல் ஜூன் 12இல் திறந்த அணை, கர்நாடகத்திலிருந்து போதிய நீர் வராததால் அக்டோபரிலேயே மூடப்பட்டது. 2024இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். நீர் குறைந்த ஆண்டில் முறைப்பாசனம் வரும். தலைமடைக்குப் பாய்ந்து மிஞ்சியதுதான் திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும். அந்த வயல்கள் யாரும் காயப்போடாமலே காய்ந்து வெடித்தன. குழாய் புதைத்தோ செயலியில் படம் எடுத்தோ நடந்த காய்ச்சல் இல்லை அது. வாய்க்காலில் தண்ணீர் வராததால் வந்த காய்ச்சல். பயிர் காப்பாற்றப்படுமா என்று விவசாயி தவித்த நாள்களை, திட்டத்தின் சாதனையாக எழுதிக் கிரெடிட்டாக விற்றால் அது கொடுமை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சம்பாவில் நவம்பர் மழை பிடித்துக்கொண்டால் கடைமடைத் தாழ்நிலத்தில் தண்ணீரை வடிக்க முடியாது. வடிகாலே நிரம்பி நிற்கும். அப்போது காயப்போட நினைத்தாலும் நடக்காது. ஆக, குறுவையில் தானாகக் காயும், சம்பாவில் காயவே காயாது என்ற நிலையில் இருக்கும் ஒரு வயலில், விவசாயியின் முடிவுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது? தண்ணீரைத் திறப்பதும் நிறுத்துவதும் விவசாயி கையிலேயே இருக்கும் இடத்தில்தான் காய்ச்சலும் பாய்ச்சலும் உண்மையான மாற்றம். அதாவது பம்புசெட் வைத்துப் பாசனம் செய்யும் ஊர்களில். அங்கே மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டாரை ஓடவிட்டு வயலை நிரப்பியே வைத்திருக்கும் பழக்கம் உண்டு. அதைக் குறைத்தால் நிலத்தடி நீரும் மிஞ்சும், மீத்தேனும் நிஜமாகவே குறையும். நேர்மையான நெல் திட்டம் முதலில் போக வேண்டிய ஊர்கள் அவை.

இது என் கற்பனை அச்சம் அல்ல. தன்னார்வக் கார்பன் சந்தையின் மிகப் பெரிய பதிவகமான வெர்ரா, பழைய நெல் கணக்கு முறையில் புதிய திட்டங்களை ஏற்பதை 2023இல் நிறுத்தியது. 2024 ஆகஸ்டில் சீனாவின் 37 நெல் திட்டங்களை நிராகரித்தது. 2025இல் புதிய முறை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அந்த 37 திட்டங்களும் ஒரு கட்டத்தில் தணிக்கையாளர் பார்த்து ஒப்புதல் தந்தவைதாம். தணிக்கையாளருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? திட்டத்தை நடத்தும் நிறுவனமே. ‘மூன்றாம் தரப்புச் சரிபார்ப்பு’ என்று விளம்பரத்தில் வரும் இடத்தில் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

தவறான பேஸ்லைனால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். விவசாயிக்குக் கொஞ்சம் பணம் வருகிறதே, போகட்டும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கிரெடிட்டை வாங்கியவர் அதைக் காட்டித் தன் புகையைக் குறைக்காமல் விடுகிறார். வயலில் குறையாத மீத்தேனும், ஆலையில் குறையாத புகையும் சேர்ந்து காற்றுக்குப் போகின்றன. வெப்பம் கூடக் கூடப் பருவமழை தாறுமாறாகும். கடல் மட்டம் உயரும். அதில் முதலில் உப்பேறப்போவதும் கடைமடை நிலம்தான்.

அப்படியென்றால் கணினி படித்தவர் இதில் என்ன செய்ய முடியும்?

நிறையவே செய்ய முடியும். இந்தச் சிக்கலில் எனக்கு நம்பிக்கை தருவதும் அதுதான். சென்டினல்-1 படங்கள் 2014இலிருந்து சேமிக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கும்படி இருக்கின்றன. அதாவது திட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு கிராமத்து வயல்களில் எப்போதெல்லாம் தண்ணீர் நின்றது, எப்போதெல்லாம் இல்லை என்பதற்கு ஏறக்குறைய ஒரு சாட்சி இருக்கிறது. பயிர் தழைத்த வாரங்களில் மங்கல்தான். இரண்டு படங்களுக்கு நடுவே நடந்ததும் தெரியாது. ஆனாலும் ‘இங்கே எப்போதும் தண்ணீர் நின்றது’ என்று ஒருவர் எழுதியிருந்தால், அதைச் சோதிக்க அந்தச் சாட்சி போதும். மேட்டூர்த் திறப்பு நாள், மழை அளவு, ரேடார் படம் மூன்றையும் பக்கத்தில் வைத்து, தலைமடை ஊர் ஒன்றையும் கடைமடை ஊர் ஒன்றையும் ஐந்து ஆண்டுக்கு ஒப்பிடுவதைக் கல்லூரி மாணவர் ஒருவர் மடிக்கணினியிலேயே செய்யலாம்.

அடுத்த படி, ஒப்பீட்டு வயல்களைத் தேர்ந்தெடுப்பது. இப்போது நல்ல திட்டங்கள் பேஸ்லைனை ஒரே எண்ணாக முடிவு செய்யாமல், திட்டத்தில் சேராத, ஆனால் எல்லா வகையிலும் ஒத்த வயல்களை ஆண்டுதோறும் கூடவே பார்த்து வித்தியாசம் எடுக்க முனைகின்றன. இது சரியான வழி. நீர் வராத ஆண்டில் இரண்டு பக்கமும் காயும். வித்தியாசம் தானாகச் சுருங்கும். ஆனால் ஒத்த வயல் எது என்று முடிவு செய்வது ஒரு நிரல். அந்த நிரலில் மண் வகை, நெல் ரகம், நடவுத் தேதியெல்லாம் சேர்த்துவிட்டு, வாய்க்காலில் எத்தனையாவது மதகு என்பதை விட்டுவிட்டால் போதும்: கடைமடை வயலுக்கு ஜோடியாகத் தலைமடை வயல் வந்து உட்கார்ந்துவிடும், கிரெடிட் வீங்கிவிடும். யாரும் பொய் சொல்லவில்லை, ஒரு பத்தி தரவு சேர்க்கப்படவில்லை, அவ்வளவுதான். சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து நிரல் எழுதுபவருக்கு அந்தப் பத்தி தேவை என்றே தோன்றாது. தண்ணீர் எந்த மதகில் நின்றுபோகும் என்று பார்த்து வளர்ந்த பெண்ணுக்குத் தோன்றும்.

ஆகவே, கடிதம் எழுதிய தங்கைக்கு என் பதில் இது. பயிற்சிப் பணியை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் சேரும் முன்பே, பேஸ்லைன் ஒப்பீட்டில் எந்தெந்த அம்சங்களைச் சேர்க்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டதற்கே முகம் சுளித்தால் அது உங்களுக்கு உரிய இடமல்ல. உங்கள் ஊர் வயல்களின் தரவில் நீங்கள் வேலை செய்யக் கூடாது. அப்பாவுக்குப் பணம் வரும் கணக்கை மகள் போடுவது, நீங்கள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், சந்தேகத்துக்கு இடம் தரும். அப்பா இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, செலவைக் கழித்தபின் பங்கா கழிப்பதற்கு முன் பங்கா, தண்ணீர் வராத ஆண்டில் என்ன கணக்கு, நடுவில் விலகினால் என்ன தண்டம், இவற்றைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். நெல் கார்பன் பணம் விவசாயிக்குக் கூடுதல் வருமானம் என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட தன்னார்வச் சந்தைக்கான வழிகாட்டு ஆவணம் சொல்கிறது. ஆனால் ஓர் ஏக்கருக்கு ஒரு பருவத்தில் சேரும் டன் கணக்கு சிறியதாகத்தான் இருக்கும். அதிலும் பதிவு, தணிக்கை, நிறுவனப் பங்கு போகத்தான் மிச்சம். சம்பா நடவுக்குள் கையெழுத்து வேண்டும் என்ற அவசரம் நிறுவனத்துடையது, உங்கள் குடும்பத்துடையது அல்ல.

மற்றக் கேள்விகள்

*எந்தப் பிரிவை எடுப்பது?* பிரிவின் பெயரைவிடப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். புள்ளியியல் ஒழுங்காகச் சொல்லித்தரும் எந்தக் கணினிப் பிரிவும் போதும். ‘காலநிலை’ என்ற சொல் பெயரில் இருப்பதற்காகக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டாம்.

*புவித்தகவல் பொறியியல்?* கிண்டி பொறியியல் கல்லூரியில் இருக்கிறது. செயற்கைக்கோள் தரவில் ஆர்வமுள்ளவர்கள் கணினி அறிவியலுக்கு மேலே வைத்தாலும் தவறில்லை.

*வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.டெக்.?* அதற்குக் கலந்தாய்வு தனி. இந்த விருப்பப் பட்டியலில் வராது.

*கார்பன் கிரெடிட்டும் கிரீன் கிரெடிட்டும் ஒன்றா?* இல்லை. கிரீன் கிரெடிட் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2023இல் அறிவித்தது, இதுவரை பெரும்பாலும் மரம் நடுவதைச் சுற்றியே இருக்கிறது. மரம் எண்ணுவது வேறு, டன் எண்ணுவது வேறு.

*இந்தியாவின் கார்பன் வணிகத் திட்டம் ஆலைகளின் புகையைக் குறைக்குமா?* 2025 அக்டோபரில் அலுமினியம், சிமென்ட், குளோர்-ஆல்கலி, காகித ஆலைகளுக்கு அறிவிக்கப்பட்ட இலக்கு ஒரு டன் சரக்குக்கு எவ்வளவு உமிழ்வு என்பதற்கானது. சரக்கு உற்பத்தி கூடினால் மொத்தப் புகையும் கூடலாம். ‘இலக்கு எட்டப்பட்டது’ என்ற செய்தி அப்போதும் வரும்.

*காயப்போட்டால் விளைச்சல் குறையுமா?* 15 சென்டிமீட்டர் எல்லையைத் தாண்டாமல், பூக்கும் பருவத்தில் தண்ணீர் கட்டினால் பொதுவாகக் குறைவதில்லை.

*வேறு வாயு கூடுமாமே?* உண்மைதான், நைட்ரஸ் ஆக்சைடு கூடலாம். அது ஒரு டன்னுக்கு ஒரு டன், கார்பன் டையாக்சைடைவிடச் சுமார் 273 மடங்கு சூடேற்றக்கூடியது. திட்டக் கணக்கில் அதைக் கழித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

*செயற்கை நுண்ணறிவே மின்சாரத்தைத் தின்கிறதே?* தின்கிறது. 2024இல் உலகத் தரவு மையங்கள் சுமார் 415 டெராவாட் மணி செலவழித்ததாகச் சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிட்டிருக்கிறது, அதாவது உலக மின்சாரத்தில் ஏறக்குறைய 1.5 விழுக்காடு. நீர் நிற்கும் வயலைக் கண்டுபிடிக்கும் நிரலுக்கு அவ்வளவு பெரிய இயந்திரம் தேவையில்லை.

*கிண்டியில் இல்லாமல் வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே தொலையுணர்வு கற்க முடியுமா?* என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசப் பாடங்கள் உள்ளன.

*அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணம்?* 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் இடம் பெற்றால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும்.

*விருப்பப் பட்டியலில் கிடைக்காத இடத்தை முதலில் எழுதினால் கிடைப்பதும் போய்விடுமா?* போகாது. தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது, பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தை ஒதுக்குவார்கள். உண்மையில் எதற்கு ஆசைப்படுகிறீர்களோ அதையே முதலில் எழுதுங்கள்.